பதினைந்தா, பதினாறா

நவம்பர் 1, சனி

காலையிலிருந்து தூறல். ஏரிப் பக்கம் வானம் கறுத்தே இருக்கிறது. மாத்திரை ஆயிற்று. காது மெஷினுக்குப் புது பாட்டரி.

இன்று செய்ய வேண்டியவை:
1. ஷமீமா அனுப்பிய கேசட் பதிவை எமுலேட்டரில் ஏற்றுவது.
2. சத்தம் வருகிறதா என்று பார்ப்பது.
3. மாடிக் குழாய் அடைப்பு.

1 முடிந்தது. 2 பாதி. 3 நாளைக்கு.

பிறகு எனக்கே குழம்பும் என்பதால் விவரத்தை எழுதிவைக்கிறேன். ஷமீமா, காதர் மொய்தீனின் மகள். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. காதர் எங்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். அப்போது நான் இயற்பியல் ஆசிரியர். பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது, பழுப்பு நிறப் பெட்டி, வெளிநாட்டுச் சரக்கு. அதற்குப் பொறுப்பாளன் நான். ஆனால் அதைப் பழக்கியவர் காதர். கையேட்டைப் பக்கம் பக்கமாகக் காப்பி எழுதிக் கற்றுக்கொண்டார். கோவளத்துக் கடல் சத்தத்தை அதில் வரவழைக்க ஒரு புரோகிராம் எழுதினார். முதலில் அலை. அலைக்கு நடுவே தூரத்தில் ஒரு போட்டு மோட்டார், மீன்பிடிப் படகு கரையை நோக்கி வருவது போல.

அந்தக் கேசட்தான் இப்போது வீடு காலி செய்யும்போது கிடைத்திருக்கிறது. கோவளம் வீட்டை விட்டு 9ஆம் தேதி ஞாயிறு நாவலூர் அபார்ட்மெண்டுக்குப் போகிறார்கள். அதற்குள் ஒரு முறை கேட்க வேண்டும் என்கிறார் காதர்.

போனில் அவர் சொன்னது: "ஒம்போதாவது மாடி சார். அங்க கடல் சத்தம் இன்னா கேக்கும்? லிஃப்ட் சத்தம் தான் கேக்கும். நீங்க ஏதோ டூப்பு கம்ப்யூட்டர் பண்ணிகினு கீறீங்களாமே, அதுல என் கடல் வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பழைய பெட்டி இன்று எங்கும் இல்லை. அது செய்ததையெல்லாம் இன்றைய மடிக்கணினியில் அப்படியே செய்துகாட்டும் புரோகிராம்தான் என் எமுலேட்டர். ஓய்வு பெற்ற பின் ஆறு வருட வேலை. திரை, விசைப்பலகை, கேசட் எல்லாம் ஆயிற்று. சத்தம் மட்டும் கடைசி வரை தள்ளிப்போட்டேன். அந்த அறை, அந்தச் சாவி விஷயம் இங்கே வேண்டாம்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. நேற்று நாள் முழுக்க அலைக்குப் பதில் அமைதி. இன்று காரணம் தெரிந்தது.

அந்தச் சத்தச் சிப்பின் உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. ஒவ்வொரு தட்டலுக்கும் எல்லாம் ஒரு பெட்டி நகரும், கடைசியிலிருந்து விழுவதுதான் நம் காதுக்கு வருவது. இரண்டு பெட்டிகளைக் கலந்து முதல் பெட்டிக்குப் புதியதை அனுப்பினால் ஒழுங்கே இல்லாத இரைச்சல், அதுதான் அலை. விழுந்ததையே திரும்ப முதல் பெட்டிக்கு அனுப்பினால் ஒரே சுற்று, அதுதான் மோட்டார்.

நான் எல்லாப் பெட்டியிலும் 0 வைத்துத் தொடங்கியிருந்தேன். பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கலந்தால் என்றைக்கும் பூஜ்யம்தான். பள்ளிப் பையன் செய்யும் தவறு. ஒரு பெட்டியில் மட்டும் 1 வைத்தேன்.

அலை வந்தது. ஏறி, உடைந்து, பின்வாங்கி. வசந்தா சமையலறையிலிருந்து, "மழை ஜாஸ்தியாயிடுச்சா? துணியெல்லாம் வெளில கெடக்கு!" என்று ஓடிவந்தாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல பாராட்டுகளில் ஒன்று.

மோட்டாரும் வந்தது. பதிவுசெய்து ஷமீமாவுக்கு அனுப்பியாயிற்று. குழாய் அடைப்பு அப்படியே.

நவம்பர் 3, திங்கள்

வெயில். பி.பி. 150/90. காபி குறைக்க வேண்டும்.

காலை பத்தரைக்குக் காதர் போன்.

"அலை சூப்பரா கீது சார். அப்படியே நம்ம பக்கத்து அலை. ஆனா மோட்டாரு என்னுது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அது எதோ கடகடன்னு ரெண்டு மோட்டாரு சண்ட போட்டுகினு வர மாதிரி கீது. எங்க அத்தா கரையில ஐஸ் பொட்டியோட நின்னுகினு, போட்டு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சத்தத்த வெச்சே எவன் வரான்னு சொல்லுவாரு. அந்தச் சத்தத்த தான் நான் போட்டேன். இந்த மாரி ஒரு போட்டு வந்திருந்தா, ரிப்பேருக்கு வந்துகீதுன்னு சொல்லியிருப்பாரு."

பின்னால் ஷமீமாவின் குரல்: "அத்தா, நீயே இன்னொரு வாட்டி போட்டுக் கேளேன், இந்த முக்கோணத்த அமுக்கு."

"நான் தொட மாட்டேன்மா, நீயே அமுக்கு. என் கை பட்டா மிசினு செத்துடும். வூட்ல மிக்சி கூட நான் போட்டதில்ல, தெரியும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காதது போல, சரிபார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். நாள் முழுக்கச் சோதனை. வரிசையாக:

அ) கடிகார வேகம். சரி.
ஆ) ஒலி அளவு அட்டவணை. சரி. (ஒரு இடத்தில் எழுத்துப் பிழை, திருத்தினேன், எந்த வித்தியாசமும் இல்லை.)
இ) கேசட் பதிவில் பிட் ஏதாவது விழுந்துவிட்டதா. இல்லை. காதரின் புரோகிராம் வரிக்கு வரி முழுசாக இருக்கிறது. 120ஆம் வரியில் "மோட்டார்" என்று ஆங்கில எழுத்தில் குறிப்புகூட எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் குறிப்பு எழுதுவதில்லை.
ஈ) என் காது.

ஈ-தான் சந்தேகம். மூன்று முறை கேட்டேன், மெஷினோடு, மெஷின் இல்லாமல். எனக்கு அது சாதாரண மோட்டார்தான். சுருதி ஞானம் எனக்கு எப்போதும் கிடையாது. தவறு புரோகிராமில் இல்லையென்றால், எமுலேட்டரில் இல்லையென்றால், கேட்பவரின் ஞாபகத்திலா? காதருக்கும் வயது அறுபத்தைந்து.

இப்படி எழுதும்போதே கூசுகிறது. தப்பு என் பக்கம் இருக்கும்போது அடுத்தவர் ஞாபகத்தைச் சந்தேகிப்பது எனக்குப் பழைய வசதி.

உ) பெட்டிகளின் எண்ணிக்கை. அச்சிட்ட கையேடு 15 என்கிறது. என் நோட்டு 16 என்கிறது. நான் 16 வைத்திருக்கிறேன். ஏனென்றால் அது நானே அலைக்காட்டியில் (ஆஸிலோஸ்கோப்) எண்ணியது. மூன்று முறை எண்ணி, அடிக்கோடு போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என்னையே நான் நம்பிய இடங்கள் குறைவு. இது ஒன்று. எனவே தொடவில்லை.

நவம்பர் 5, புதன்

வசந்தாவைக் கேட்கச் சொன்னேன். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். முன்னமே கேட்டிருக்கலாம். "இதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று ஆறு வருடமாக நான்தான் சொல்லிவந்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மோட்டார் வந்ததும் கை நின்றது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. பல்லு கூசுது."

"என்ன ஆச்சு?"

"இதுல ரெண்டு சத்தம் சேர்ந்து வருது. ரெண்டும் ஒரே ஸ்வரமா நிக்கணும்னுதான் போட்டிருக்காரு. நிக்கல. ஸட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் ஒண்ணா அழுத்திப் புடிச்ச மாதிரி இருக்கு. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்க ஆர்மோனியத்துல ரெண்டு கட்டைய சேர்த்து அமுக்குமே, அந்த இழவுதான்."

"சுத்த ரிஷபம் என்று நிச்சயமா?"

"ஆமாங்க. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வேணும்னா பாடிக் காட்டவா?" பாடினாள். கீரைத் தண்டு கையில் இருக்க, கண்ணை மூடி. இந்த வீட்டில் அவள் பாடிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

பிறகு அறைக்கு வந்து இயற்பியல் பாடத்தை யோசித்தேன். ஸட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள விகிதம். ஒன்பதாம் வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

பதினைந்துக்குப் பதினாறு.

மோட்டாரின் ஒரு சத்தம் சிப்பின் தனி ஸ்வரம், அதற்குப் பெட்டிக் கணக்கு இல்லை; மற்றதுதான் பெட்டிச் சுற்று. ஒரு பிட் பதினைந்து பெட்டிகளைச் சுற்றிவந்தால் ஒரு ஸ்வரம். பதினாறு பெட்டிகளைச் சுற்றினால் சுற்று நீளும், ஸ்வரம் இறங்கும், சரியாக அந்த அளவு. காதர் காதால் கேட்டுக் கேட்டு இரண்டையும் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார். அவர் எழுதும்போது அந்தச் சிப்பில் பதினைந்து பெட்டிதான் இருந்திருக்கிறது.

அப்படியானால் நான் எண்ணிய பதினாறு எது?

நோட்டை எடுக்கவில்லை. எனக்குத் தெரியும்.

நவம்பர் 6, வியாழன்

பலத்த மழை. எடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் மேல் தேதி: 12-12-88. அடிக்கோடு, கையெழுத்து எல்லாம் நான் நினைத்தபடியே.

பள்ளிப் பெட்டியின் சத்தச் சிப் எரிந்தது அந்த வருடம் காலாண்டு விடுமுறையில். நான் மாற்றியது நவம்பரில். ஆகவே டிசம்பரில் நான் எண்ணியது மாற்று சிப்பை. அதே கால்கள், அதே வேலை, வேறு தயாரிப்பு; உள்ளே ஒரு பெட்டி அதிகம். அப்போது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

ஆண்டு விழாவுக்கு அந்தப் பெட்டியிலிருந்து மைக் செட்டுக்குச் சத்தம் எடுத்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. விடுமுறையில் தனியாகப் போனேன். மூடியைக் கழற்றினேன். மின்சாரத்தை நிறுத்தாமலே வயரை வைத்தேன்; முப்பது பேருக்குச் செய்யாதே என்று சொல்லிக்கொடுத்த தவறு. சின்னதாக ஒரு வாசனை. பெட்டி வேலை செய்தது, சத்தம் மட்டும் போயிற்று. மூடியைப் போட்டு, திருகுகளை முடுக்கி, துணியால் துடைத்து, வீட்டுக்கு வந்தேன்.

பள்ளி திறந்தது. காதர் போட்டுப் பார்த்தார். ஊமை. தலைமையாசிரியர் வந்தார். "சாவி யார்கிட்ட?" இரண்டு சாவி. ஒன்று காதரிடம், ஒன்று என்னிடம். காதர் தன் சாவியை நீட்டினார். என் சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கையில் சாக்பீஸோடு நின்றேன். வகுப்புக்கு நேரமாகிறது என்று சொன்னதாக ஞாபகம்.

அன்றைக்கே காதரைப் பதிவறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை ஃபைல்தான். நான் மெட்ராஸ் போய் சிப் தேடி வாங்கி, பற்றவைத்துச் சரிசெய்தேன். குடியரசு தினத்தில் எனக்குப் பொன்னாடை. காதர்தான் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது.

எமுலேட்டரில் ஒரே ஒரு எண். 16ஐ 15 ஆக்கினேன். வசந்தாவை அழைத்தேன். "இப்பதான் சேர்ந்துது. நல்லா இருக்குங்க. போட்டு வரது கண்ணுக்குத் தெரியுது" என்றாள்.

நாளை கோவளம். இரண்டு வழிகள்:

1. "ஒரு எண் தப்பாக இருந்தது, திருத்திவிட்டேன்." உண்மை. முழுக்க உண்மை.
2. ஏன் தப்பாக இருந்தது என்பதையும் சொல்வது.

1-க்கு ஆதரவாக: அவர் கேட்பது சத்தத்தை மட்டும். வீடு மாறும் அலுப்பில் இருப்பார். அந்தத் தலைமையாசிரியர் இன்று இல்லை. யாருக்கும் லாபமில்லை.

2-க்கு ஆதரவாக: எதுவும் எழுத வரவில்லை. ஆனால் 1-இன் கீழ் எழுதியதைத் திரும்பப் படித்தால், இதே காரணங்களைத்தான் அப்போதும் வரிசைப்படுத்தியிருப்பேன்.

வசந்தாவிடம் சொன்னேன். அவளுக்கும் இன்றுதான் தெரியும். "அந்தப் பொன்னாடை எங்க?" என்றாள். பீரோவில் என்றேன். "அதையெல்லாம் தூக்கிக்கினு போய் நிக்காதீங்க. நாடகமாயிடும். வாயால சொல்லுங்க, போதும்."

நவம்பர் 8, சனி

மாமல்லபுரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். மாமல்லபுரத்தில் இறங்கி வேறு பஸ். நெம்மேலிக் கடல்நீர் ஆலையைத் தாண்டும்போது பக்கத்துச் சீட்டில்:

"கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கி மெட்ராசுக்கு அனுப்புறான், நம்ம தெருவுக்கு லாரி தண்ணி."

"நீ வேணும்னா மெட்ராசுக்குப் போய் குடிச்சிட்டு வா மச்சான்."

சொல்ல வேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்தபடியே போனேன். மூன்று வாக்கியம். இரண்டாவது வாக்கியம் ஒவ்வொரு முறையும் மாறியது.

கோவளம் வீட்டில் நடக்க இடமில்லை, அட்டைப்பெட்டிகள். ஷமீமா டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். காதர் முழுக்க நரைத்திருக்கிறார். "வாங்க சார், வாங்க. ஒக்காரத்தான் எடமில்ல. அந்தப் பொட்டி மேல ஒக்காருங்க, துணிதான், ஒடையாது."

போட்டேன். அலை. ஜன்னல் வழியாக வரும் நிஜ அலை எது, இது எது என்று ஒரு கணம் எனக்குப் பிரிக்க முடியவில்லை. பிறகு மோட்டார், தூரத்திலிருந்து.

காதர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அது அவர் அப்பா நின்ற விதமாக இருக்க வேண்டும். முழுக்கக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இதான் சார். இதான் அந்தப் போட்டு." பிறகு, "மொதல்ல அனுப்பினது மட்டும் ஏன் சார் பேஜார் பண்ணுச்சு?"

மூன்று வாக்கியமும் போயிற்று. "பள்ளிக்கூடத்தில் அந்தச் சிப்பை எரித்தது நான்தான் காதர். விடுமுறையில். நீங்கள் இல்லை." மீதியையும் சொன்னேன்: டிசம்பர், பதினாறு, நோட்டு. தேவைக்கு அதிகமாக விளக்கினேன். நடுவில் டேப் ஒட்டும் சத்தம் நின்றது.

காதர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு உட்ட அன்னிக்கு மோட்டார ரொம்ப நேரம் ஓட்டினேன். ஆஃப் பண்ணாம டீ குடிக்கப் போயிட்டேன். வந்துதான் நிறுத்தினேன். அதுல சூடாயி எரிஞ்சுடுச்சுன்னு நெனச்சுகினேன். இத்தினி வருசமா நான்தான் எரிச்சேன்னு நெனச்சுகினு கீறேன்."

எனக்கு இது தெரியாது. செய்யாத தவறுக்குப் பழி ஏற்ற மனிதர் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் அதை நம்பியிருப்பார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மிக்சி. முக்கோணம்.

"மன்னிச்சுடுங்க" என்றேன். சத்தமாக வந்ததா என்று தெரியவில்லை.

"நீங்க சொல்லியிருந்தா ஹெச்செம் உங்கள இன்னா பண்ணியிருப்பாரு? ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரு. நீங்க வாத்தியாரு. ரெண்டு நாள் மொறச்சுகினு இருந்திருப்பாரு, அவ்ளோதான்."

அது சரி. அவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான் பயந்திருக்கிறேன்.

தொழுகைக்கு அழைப்பு வந்தது. காதர் எழுந்து போய்விட்டார். ஷமீமா என்னைப் பார்க்காமல் டீ வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்கூல்ல எனக்கு கம்ப்யூட்டர் புராஜெக்ட் குடுத்தப்போ, அத்தா பக்கத்துலயே வரமாட்டாரு சார். தூரமா நின்னு பாத்துகினே இருப்பாரு. பயம்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "டீ ஆறுது."

போய்விடலாம் என்று பையை எடுத்தேன். மடிக்கணினியை மூடக் கை போனபோது காதர் வாசலில் நின்றார். செருப்பை ஓரமாக விட்டார். எதிரே வந்து, தரையில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், என்னை அல்ல.

"எந்த பட்டன்?"

சார் என்று சொல்லவில்லை.

காட்டினேன். ஒரு விரலை நீட்டி, சுடுமோ என்று பார்ப்பது போல ஒரு முறை தொட்டு எடுத்துவிட்டு, பிறகு அழுத்தினார். அலை வந்தது. நிறுத்தினார். மறுபடி அழுத்தினார்.

மடிக்கணினியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நானாகத்தான். திரும்பும் பஸ்ஸில் மடியில் ஒன்றும் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. சாமான் ஏற்றுவது கஷ்டமாக இருந்திருக்கும்.

மடிக்கணினி இல்லாததால் வேலை இல்லை. குழாய் அடைப்பை எடுத்தேன். வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் மூடியும்.

எண்பத்தெட்டு நோட்டை எடுத்து, அடிக்கோடிட்ட 16இன் பக்கத்தில் எழுதினேன்: "இது மாற்று சிப்பின் அளவு. மூல சிப்பில் 15. அதை எரித்தது நான்." தேதி, கையெழுத்து. வசந்தா எட்டிப் பார்த்தாள். மிளகு ரசம் வைக்கப் போய்விட்டாள். உள்ளே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு ஷமீமாவிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்:

"வந்து சேந்துட்டோம். பெட்டி ஒண்ணும் பிரிக்கல, அத்தா லேப்டாப்ப மட்டும் பிரிச்சு வெச்சுட்டாரு. அலை திரும்பிப் போறப்ப சத்தம் சட்டுனு அறுந்துடுதாம், அன்னிக்கே சரி பண்ணணும்னு நெனச்சாராம். 140ஆவது லைன்ல 3க்கு பதிலா 2 போட்டா சரியாவுமான்னு கேக்கச் சொல்றாரு."

சரியாகும். 2 போட்டால் அலை மெல்ல வடியும். எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். "அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லும்மா, எதுவும் எரியாது" என்று அனுப்பினேன்.

"சாரைக் கேளு" என்றாரா, "அவரைக் கேளு" என்றாரா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.